கட்டிலுக்கடியில் பத்தொன்பது

பகாவ் டவுனில் டயர் கடைக்கு மேலே
ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு கட்டில்.
பகலில் அது தவநேசனுடையது, இரவில் என்னுடையது.
அவன் செம்பனை ஆலையில் பாய்லர், ராத்திரி ஷிப்டு.
நான் சிரம்பானில் கார் உதிரிபாகக் கடை, ஆறேகால் பஸ்.
அவன் வரும்போது நான் இருக்க மாட்டேன்,
தலையணையில் என் எண்ணெய் மட்டும் இருக்கும்.

மூன்றாவதாகக் குடிவந்தது வாளி.
இருபது லிட்டர், வெள்ளை,
மூடியில் ஒரு துளை, துளையில் குழாய்,
குழாயின் மறுமுனை தண்ணீர்ப் போத்தலுக்குள்.
மால்ட்டும் ஹாப்ஸும் கோலாலம்பூரிலிருந்து
என் மடியில் உட்கார்ந்து வந்தன.

முதல் தடவை சும்மா விட்டோம்.
அறை முப்பத்தொன்று, வாளிக்குள் அதற்கும் மேலே.
ஈஸ்ட் வெறிபிடித்துத் தின்றது,
இரண்டே நாளில் ஓய்ந்தது.
குடித்தால் முதலில் வாழைப்பழம்,
பிறகு நகப்பூச்சு அழிக்கிற தண்ணி,
பிறகு மறுநாள் முழுக்கத் தலைவலி.
மிச்சத்தைச் சாக்கடை குடித்துக்கொண்டது.

ஈரத்துணி சுற்றி ஃபேன் வைத்துப் பார்த்தோம்.
இந்த ஊர்க் காற்றுக்கு ஏற்கெனவே வயிறு நிறையத் தண்ணீர்,
துணியிலிருந்து ஒரு சொட்டும் வாங்கவில்லை.
என் பனியன்தான் பூசணம் பிடித்தது.

மீன்கடை கொக் வா ஐஸ் பெட்டி ஒன்று தந்தார்,
மூன்று முறை கழுவியும் கெம்போங் வாடை.
அதற்குள் வாளி, வாளியைச் சுற்றித் தண்ணீர்,
தண்ணீரில் உறைந்த போத்தல்கள்.
கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினோம்,
தூங்கவே ஏறிப் போகவேண்டியதாயிற்று.
போத்தல் உறைய
கீழே ஐஸ் கச்சாங் விற்கிற சலோமி அக்காவின் ஃபிரீசர்,
மாதம் பத்து வெள்ளி.
என்ன காரியம் என்று அக்கா கேட்கவே இல்லை.
பதினைந்தாக்கினார்.

அதன்பிறகு பேச்செல்லாம் காலண்டரில்.
காலை 7.40. 19. ரெண்டு மாத்தினேன்.
மாலை 7.50. 21. ஏறுது. மூணு போட்டேன்.
காலை. 20. வெளியே குளிர்ந்தாலும் உள்ள அதுவே சூடு பண்ணுது.
மாலை. 19. உன் சட்டை இன்னும் காயல.
நூற்று நாற்பது டிகிரி ஆவியில்
பழக்குலை அவித்துவிட்டு வருகிறவன்
ஒரு டிகிரிக்கு இரண்டு தரம் அடிக்கோடு போட்டிருந்தான்.

நான்காம் நாள் மாலை ஊரே இருட்டு.
பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பாசார் மாலாம் ஓடினேன்,
ஜெனரேட்டர் வெளிச்சத்தில் கொக் வா
மீன் விற்று மிஞ்சிய ஐஸை
உரச்சாக்கில் அள்ளிப் போட்டார்.
படியேறினால் கதவு திறந்து கிடக்கிறது.
உள்ளே தவநேசன்,
வேலைக்குப் போகவில்லை,
தரையில் உட்கார்ந்து
காய்ச்சல் பார்க்கிறாற்போல் வாளியின் மேல் கை.
நினைத்திருந்ததைவிடக் குள்ளமாக இருந்தான்.
“இருபத்திரெண்டு” என்றான்.
“இறங்கும்” என்றேன்.
செதில் ஒட்டிய ஐஸை ஆளுக்கொரு கையாகப் போட்டோம்.
அவனுக்கு எந்த ஊர், அம்மா இருக்கிறாரா,
கேட்க நிறைய நேரம் இருந்தது.
குழாயில் குளுக், குளுக்.
அதை எண்ணிக்கொண்டிருந்தோம்.

இரண்டு மணிக்கு ஃபேன் சுற்றத் தொடங்கியபோது
அவன் ஜன்னலோரம் தரையில், நான் கதவோரம் தரையில்.
இன்னொருவன் படுக்கட்டும் என்று
இருவருமே விட்டுக்கொடுத்த கட்டில்
நடுவில் உயரமாய், காலியாய்.

மூன்று வாரம் கழித்து,
போத்தலில் அடைத்ததெல்லாம் தெளிந்தபின்,
காலண்டரில் அவன் கையெழுத்து:
காலை. ஒண்ணு திறந்தேன். வாழைப்பழம் இல்ல.
பாதி உனக்கு, அக்கா ஃபிரீசர்ல.
உறையறதுக்குள்ள எடு.